துளியும் தொலைவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மாட்டுவண்டியில் சென்றவர் மாட்டின் களைப்பைக் கண்ணால் கண்டார். மகிழுந்தில் செல்பவருக்கு இயந்திரத்தின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எரிபொருள் எங்கே, எதனால் செலவாகிறது என்பதை அறிந்த ஓட்டுநர், அதே மகிழுந்தில், அதே சாலையில், அதே அளவு எரிபொருளில் கூடுதல் தொலைவு செல்கிறார். அதற்குரிய அறிவியலையும் எளிய பழக்கங்களையும் பராமரிப்பு முறைகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்த உழைப்பு

நெல் மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்காரர்களிடம் சில நடைமுறைகள் இருந்தன. புறப்படும் முன் அச்சில் வண்டி மை இட்டனர். முன்பாரமோ பின்பாரமோ ஆகிவிடாதபடி மூட்டைகளைச் சமன்செய்து அடுக்கினர். மேடு வந்தால் இறங்கி நடந்தனர். மாடு இரைப்பதும் வாயில் நுரை தள்ளுவதும் அவர்கள் கண்முன்னே நிகழ்ந்தன. ஆகவே, இழுவிசையை வீணாக்கக்கூடாது என்பதை எவரும் அவர்களுக்குத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மகிழுந்து இந்த உழைப்பைத் திரையிட்டு மறைத்துவிட்டது. முடுக்கியைக் கால் நுனியால் அழுத்தினால் ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஊர்தி விரைகிறது. பிரேக்கை மிதித்தால் நின்றுவிடுகிறது. இவ்விரண்டிற்கும் ஓட்டுநர் செலவிடும் உடலுழைப்பு மிகக் குறைவு. அதனால், அவற்றிற்கு ஆகும் எரிபொருளும் குறைவு என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. சிக்கனமாக ஊர்தி ஓட்டும் கலை, மறைந்துபோன இந்த உழைப்பை மீண்டும் உணர்வதில் தொடங்குகிறது.

முதல் நெடும்பயணம்

ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ், பெட்ரோலால் இயங்கும் மூன்று சக்கர ஊர்திக்கு 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஆயினும், அதில் நெடுந்தொலைவு செல்ல இயலும் என்பதை உலகிற்குக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் மகன்கள் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அவர் கடந்தார்.

வழியில் எரிபொருள் தீர்ந்தபோது, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறைநீக்கப் பயன்படும் நீர்மத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருட்குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது தம் தொப்பி ஊசியால் அதனை நீக்கினார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் அறையச் செய்தார். மேடுகளில் மகன்கள் இறங்கி ஊர்தியைத் தள்ளினர். எரிபொருளைக் கணக்கிடுதல், குழாயைத் தூய்மையாக வைத்தல், பிரேக்கைப் பேணுதல் ஆகிய மூன்றும் உலகின் முதல் நெடுந்தொலைவு மகிழுந்துப் பயணத்திலேயே இடம்பெற்றுவிட்டன.

ஆற்றல் எங்கே செல்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. இவ்வாற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. பெரும்பகுதி வெப்பமாக மாறி, புகைபோக்கி வழியாகவும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. வழக்கமான பெட்ரோல் மகிழுந்துகளில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 12 முதல் 30 விழுக்காடு வரையே ஊர்தியை நகர்த்தப் பயன்படுகிறது என அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது.

சக்கரங்களை அடையும் இந்தச் சிறுபங்கும் பல வழிகளில் செலவாகிறது. நிற்கும் ஊர்தியை நகரச் செய்வதற்கு ஒரு பங்கு. எதிர்க்காற்றைப் பிளப்பதற்கு ஒரு பங்கு. உருளும்போது நசுங்கி நிமிரும் டயர்களின் தடையை வெல்வதற்கு ஒரு பங்கு. மேட்டில் ஏறுவதற்கு ஒரு பங்கு. ஓட்டுநரின் பழக்கத்தாலும் பராமரிப்பாலும் குறைக்கத்தக்க இழப்புகள் இவற்றில் பல உள்ளன.

பிரேக்கின் விலை

ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்ளலாம். அவ்வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல் ஆகும். எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கே சக்கரத்தைச் சென்றடைகிறது என்றால், அவ்வேகத்தை எட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கும். அது மூன்று தேக்கரண்டி அளவிற்குச் சற்று மிகுதி. ஓட்டுநர் பிரேக்கை மிதித்து ஊர்தியை நிறுத்தும்போது அவ்வாற்றல் முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகி மறைகிறது. இவ்வாறு ஏறத்தாழ 60 முறை வேகமெடுத்து நிறுத்தினால் ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்ந்துவிடும்.

அண்ணாசாலை போன்ற நெரிசல் மிக்க சாலையில் 200 மீட்டருக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிவதை இரண்டு ஓட்டுநர்கள் காண்கின்றனர். ஒருவர் விளக்கின் அருகே வரும்வரை முடுக்கியை அழுத்திச் சென்று, பின் பிரேக்கை வலிந்து மிதிக்கிறார். மற்றவர் விளக்கைக் கண்டவுடனே முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். ஏற்கெனவே பெற்ற வேகத்தாலேயே அவருடைய ஊர்தி மெல்ல உருண்டு செல்கிறது. இருவரும் சிக்னலுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றனர். முன்னவர் வாங்கிய விரைவு அவருக்கு எந்தப் பயனையும் தரவில்லை.

திடீரென வேகமெடுப்பதும் திடீரென நிறுத்துவதும் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையிலும், அடிக்கடி நின்று செல்லும் நகரச் சாலையில் 10 முதல் 40 விழுக்காடு வரையிலும் எரிபொருள் திறனைக் குறைக்கும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. முன்செல்லும் ஊர்தியோடு போதிய இடைவெளி விட்டு, சாலையை நெடுந்தொலைவு நோக்கி ஓட்டுபவருக்குப் பிரேக்கின் தேவை குறைகிறது. சாலையைக் கடக்கும் முதியவரையும் குழந்தையையும் அவரே முன்னதாகக் காண்கிறார். எரிபொருளைக் காக்கும் இடைவெளி உயிரையும் காக்கிறது.

வேகமும் காற்றும்

காற்றுத்தடை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மென்மையாகத் தோன்றும் காற்று, 80 கிலோமீட்டர் வேகத்தில் சுவர்போல் எதிர்த்து நிற்கிறது.

1978இல் இந்திய அரசு நிறுவிய பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைச் சிக்கனமான வேகமாகப் பரிந்துரைக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதைவிட இவ்வேகத்தில் 40 விழுக்காடு வரை கூடுதல் தொலைவு செல்லலாம் என்பது அக்கழகத்தின் நெடுநாள் அறிவுரை. நெடுஞ்சாலையின் வேக ஒழுங்கிற்கு ஏற்ப இதனைக் கடைப்பிடித்தல் வேண்டும். விரைந்து செல்லும் ஊர்திகளுக்குரிய தடத்தில் மெதுவாகச் செல்வது பிறருக்கு இடையூறாகும்.

ஊர்தியின் கூரைமேல் கட்டப்படும் சுமையும் காற்றுத்தடையைப் பெருக்குகிறது. கூரைப்பெட்டி ஒன்று நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடு வரை எரிபொருள் திறனைக் குறைக்கவல்லது. எனவே, பயணம் முடிந்ததும் வெறுமையாக நிற்கும் கூரைச் சட்டத்தைக் கழற்றி வைப்பது நன்று. பின்பெட்டியில் மறந்து கிடக்கும் பொருள்களையும் அவ்வப்போது இறக்கிவிட வேண்டும்.

தமிழகத்தின் கோடைவெயிலில் குளிரூட்டியைத் தவிர்ப்பது எளிதன்று. ஆயினும், அதன் சுமையைக் குறைக்க வழிகள் உண்டு. ஊர்தியை மர நிழலில் நிறுத்தலாம். வெயிலில் நின்ற ஊர்தியை எடுக்கும்போது, சாளரங்களைத் திறந்து வெப்பக்காற்றை வெளியேற்றிய பின் குளிரூட்டியை இயக்கலாம். குறைந்த வேகத்தில் சாளரக் காற்றும், நெடுஞ்சாலை வேகத்தில் மூடிய சாளரமும் ஏற்றவை.

நின்றபடியே தீரும் எரிபொருள்

இயங்கிக்கொண்டே நிற்கும் ஊர்தி கடக்கும் தொலைவு சுழியம். அதன் எரிபொருட்செலவோ சுழியமன்று. சிறிய மகிழுந்துகூட நின்ற நிலையில் ஒரு மணிநேரம் இயங்கினால், ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிபொருளைச் செலவிடும். இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்க ஆகும் எரிபொருள், ஏறத்தாழ 10 நொடிகள் நின்றபடி இயங்குவதற்கு ஆகும் அளவே. ஆகவே, தொடர்வண்டிக் கடவுப்பாதையிலும், நெடுநேரம் காத்திருக்க வேண்டிய சிக்னலிலும், பள்ளி வாயிலிலும் இயந்திரத்தை நிறுத்திவைப்பதே சிக்கனம்.

காலையில் இயந்திரத்தை நெடுநேரம் சூடேற்ற வேண்டும் என்னும் பழக்கமும் இன்றைய மகிழுந்துகளுக்குப் பொருந்தாது. இயக்கிய அரை நிமிடத்திற்குள் புறப்பட்டு, முதல் சில நிமிடங்கள் மென்மையாக ஓட்டினால் போதும். குளிர்ந்த இயந்திரம் கூடுதலாக எரிபொருளை உண்ணும். எனவே, சந்தைக்கும் அஞ்சலகத்திற்கும் வங்கிக்கும் தனித்தனியே செல்வதைவிட, ஒரே சுற்றில் மூன்று பணிகளையும் முடித்துத் திரும்புவது மேலானது.

மலைப்பாதையில் தவறான சிக்கனம்

இறக்கத்தில் கியரை விடுவித்து நியூட்ரல் நிலையில் உருட்டிச்சென்றால் எரிபொருள் மிச்சமாகும் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் வேரூன்றிய நம்பிக்கை அது. எரிபொருள் பீய்ச்சும் முறையில் இயங்கும் இன்றைய இயந்திரங்களில், கியரில் இருக்கும் ஊர்தி இறக்கத்தில் உருளும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் பீய்ச்சப்படுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் உருளும்போதோ இயந்திரம் அணையாதிருக்க எரிபொருள் தேவைப்படுகிறது. மிச்சம் எனக் கருதியது செலவாக முடிகிறது.

செலவைவிடக் கொடியது இதன் இடர். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் ஊர்தி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து இவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 18.6 மெகாஜூல். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். கியரில் இறங்கினால் இயந்திரத்தின் எதிர்ப்பு இதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்கினால் சுமையின் பெரும்பகுதி பிரேக் தட்டுகளின்மேல் விழுகிறது. அளவிற்கு மீறிச் சூடேறிய பிரேக்குகள் பிடிமானத்தை இழக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலோ பிரேக் பிடிக்காத ஊர்தியின் நிலையை எண்ணிப்பார்த்தால் இதன் தீமை விளங்கும். இதனாலேயே, இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குமாறு மலைப்பாதை அறிவிப்புப் பலகைகள் வலியுறுத்துகின்றன.

பேருந்து, சரக்குந்து ஆகியவற்றின் பின்னால் நெருங்கிச் சென்று காற்றுத்தடையைக் குறைக்க முயல்வதும் இத்தகைய தவறான சிக்கனமே.

பேணுதலின் பயன்

*டயர்:* காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்குகிறது, கூடுதலாக வெப்பமடைகிறது. நான்கு டயர்களிலும் சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால் எரிபொருள் திறன் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும். எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால், பல மாதங்கள் கவனிக்கப்படாத டயர் விரைவில் தேய்வதோடு, கோடைக்காலத்தில் நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும். உரிய அழுத்தத்தின் அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஊர்தி ஓடாது குளிர்ந்திருக்கும்போது, மாதம் ஒருமுறையேனும் அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். அளவிற்கு மீறிக் காற்றடைப்பது டயரின் பிடிமானத்தைக் குறைக்கும்.

*சக்கரங்களும் பிரேக்குகளும்:* சக்கரங்களின் கோணம் பிறழ்ந்தால் டயர்கள் உருளாமல் உராய்ந்து செல்கின்றன. நேரான சாலையில் ஊர்தி ஒருபக்கமாக இழுப்பதும், டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதும் அதன் அறிகுறிகள். முழுமையாக விடுபடாத பிரேக், ஓட்டுநர் அறியாமலே ஊர்தியைப் பிடித்து இழுக்கிறது. பயணம் முடிந்தபின் ஒரு சக்கரத்தருகே மட்டும் மிகுந்த வெப்பம் வீசினால் பணிமனையை நாட வேண்டும்.

*இயந்திர எண்ணெய்:* வண்டி அச்சிற்கு மை செய்த பணியை இயந்திரத்திற்குள் எண்ணெய் செய்கிறது. கையேட்டில் குறிப்பிட்டதைவிடப் பாகுநிலை மிக்க எண்ணெயை ஊற்றினால் உராய்வு மிகும். எரிபொருள் திறன் 1 முதல் 2 விழுக்காடு வரை குறையும்.

*காற்றுவடிகட்டியும் உணரிகளும்:* கார்புரேட்டர் இயந்திரங்களில் அடைபட்ட காற்றுவடிகட்டி எரிபொருட்செலவை உயர்த்தியது. இன்றைய இயந்திரங்களில் கணினி, காற்றின் அளவிற்கேற்ப எரிபொருளைக் குறைத்துவிடுவதால், வடிகட்டி அடைபட்டால் பெரிதும் குன்றுவது விரைவாற்றலே. ஆயினும், புழுதி மிக்க சாலைகளில் ஓடும் ஊர்திக்கு வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது இன்றியமையாதது. புகைபோக்கியில் உள்ள உயிர்வளி உணரி பழுதுற்றாலோ எரிபொருட்செலவு பெரிதும் உயரக்கூடும். ஓட்டுநர்முன் எரியும் எச்சரிக்கை விளக்கைப் புறக்கணிக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளந்து அறிதல்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. எரிபொருள் திறனை அளக்கும் முறை எளிது. எரிபொருட்கலனை முழுவதும் நிரப்பி, தொலைவு காட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள்கள் ஓட்டியபின் மீண்டும் முழுவதும் நிரப்ப வேண்டும். முதலில் 24,310 எனவும் பின்னர் 24,796 எனவும் தொலைவு காட்டி காட்டினால், கடந்த தொலைவு 486 கிலோமீட்டர். இரண்டாம் முறை நிரப்பிய எரிபொருள் 27 லிட்டர் என்றால், எரிபொருள் திறன் லிட்டருக்கு 18 கிலோமீட்டர்.

ஒவ்வொரு முறையும் இதனைக் குறிப்பேட்டில் எழுதிவருபவர், எண் திடீரெனக் குறையும்போது ஊர்தியில் ஏதோ பழுது உள்ளதென உணர்வார். மாட்டின் இரைப்பு வண்டிக்காரருக்குச் சொன்ன செய்தியை, இந்த எண் மகிழுந்து ஓட்டுநருக்குச் சொல்கிறது.

வீட்டிற்கும் நாட்டிற்கும்

வாடகை மகிழுந்து ஓட்டும் ஒருவர் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் செல்வதாகவும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் பெறுவதாகவும் கொள்ளலாம். அவருக்கு நாள்தோறும் 10 லிட்டர் எரிபொருள் தேவை. மேற்கூறிய பழக்கங்களால் அவர் நாளொன்றுக்கு ஒரு லிட்டரை மிச்சப்படுத்தினால், 300 பணிநாள்களில் 300 லிட்டர் மிஞ்சும். லிட்டரின் விலை 100 ரூபாய் எனக் கொண்டால், அது 30,000 ரூபாய். கட்டணத்தை உயர்த்தாமலும் கூடுதல் நேரம் உழைக்காமலும் அவர் குடும்பத்திற்குச் சேரும் தொகை அது. பிள்ளையின் கல்விக்கோ ஊர்தியின் கடன் தவணைக்கோ அது உதவும்.

அச்சேமிப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படுகிறது. 300 லிட்டர் மிச்சமாகும்போது ஏறத்தாழ 690 கிலோகிராம் கரியமிலவாயு காற்றில் கலவாமல் தடுக்கப்படுகிறது. தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேலாக இந்தியா வெளிநாடுகளிலிருந்து பெறுகிறது. ஆகவே, மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் நாட்டின் அயல்நாட்டுச் செலாவணியையும் காக்கிறது.

புதிய கருவியோ பெரும்பொருளோ இதற்குத் தேவையில்லை. சாலையை முன்னோக்கிக் காணும் கண்ணும், முடுக்கியை மென்மையாக அழுத்தும் காலும், மாதம் ஒருமுறை டயரைக் கவனிக்கும் பொறுப்பும் போதும். இன்றைய பதினொன்றாம் வகுப்பு மாணவர், நாளை ஓட்டுநர் இருக்கையில் அமர்வார். பழக்கங்கள் படிவதற்கு முன்பே இவற்றை அறிந்திருப்பது அவருக்கும் அவரோடு சாலையைப் பகிர்ந்துகொள்வோருக்கும் நன்மை பயக்கும்.

தெரியுமா?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.74 கிலோகிராம். அது எரியும்போது 2.3 கிலோகிராம் கரியமிலவாயு தோன்றுவது எவ்வாறு? பெட்ரோலில் உள்ள கரி அணு ஒவ்வொன்றும் காற்றிலுள்ள உயிர்வளி அணுக்கள் இரண்டுடன் இணைகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்ததாகும்.

கலைச்சொல் அறிவோம்

மகிழுந்து – கார்
முடுக்கி – ஆக்சிலரேட்டர்
குளிரூட்டி – ஏசி
காற்றுவடிகட்டி – ஏர் ஃபில்டர்
உணரி – சென்சார்
சரக்குந்து – லாரி
தொலைவு காட்டி – ஓடோமீட்டர்

கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஊர்தியின் எரிபொருள் திறனை ஒரு மாதம் அளந்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதியின் வாடகை ஊர்தி ஓட்டுநர் ஒருவரிடம் அவர் பின்பற்றும் சிக்கன முறைகளைக் கேட்டறிந்து, அவற்றுள் அறிவியலுக்குப் பொருந்துவன எவை என வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பெர்த்தா பென்ஸ் தம் பயணத்தில் மேற்கொண்ட பராமரிப்புப் பணிகள் யாவை?
2. விடுபடாத பிரேக்கை அறிவது எவ்வாறு?

சிறுவினா
1. இறக்கத்தில் நியூட்ரலில் செல்வது ஏன் சிக்கனமாகாது?
2. 'எரிபொருளைக் காக்கும் இடைவெளி உயிரையும் காக்கிறது' – இடம்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. மாட்டுவண்டிக்காரரின் நடைமுறைகளை இன்றைய மகிழுந்து ஓட்டுநரின் கடமைகளோடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.